ஒரு டன் வாழைக்கு 114 யூரோ: தாமிரபரணியிலிருந்து ஒரு வரிக் கணக்கு

தாமிரபரணிப் பாசனம் 86,107 ஏக்கர். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். சேரன்மகாதேவியில் ஆரம்பித்து ஏரல் வரை, நெல்லுக்கு அடுத்து இந்தத் தண்ணீரை நம்பி நிற்பது வாழை. ஆறு புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. அதற்குச் சற்று வடக்கே தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். தோட்டமும் துறைமுகமும் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் வாழைக்குப் பெரிய சந்தை கேரளம்தான். ஏன் என்பதற்கான விடையில் பாதி, ஐரோப்பாவின் சுங்க அட்டவணையில் இருக்கிறது.

நாட்டின் வரவு

உலகில் மிக அதிகமாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. மத்திய வர்த்தக அமைச்சகம் 2023இல் தந்த கணக்கு இது:

• விளைச்சல்: 353.6 லட்சம் டன், உலக விளைச்சலில் 26.45 சதவீதம்
• 2022–23 ஏற்றுமதி: 3.6 லட்சம் டன்
• ஏற்றுமதி மதிப்பு: 17.6 கோடி டாலர்

வகுத்துப் பார்த்தால், நூறு தார் வெட்டினால் ஒன்றுதான் கப்பல் ஏறுகிறது. டன்னுக்குச் சராசரியாகக் கிடைத்தது சுமார் 489 டாலர்.

ஐரோப்பிய வாசலில்

ஐரோப்பிய ஒன்றியம் (சமையல் வாழை ரகங்கள் தவிர்த்த) புதிய வாழைக்கு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வரி போடுவதில்லை. டன்னுக்கு இத்தனை யூரோ என்று எடை பார்த்து வாங்குகிறது.

• பொது வரி: 114 யூரோ
• ஈக்வடார், கொலம்பியா, பெரு: 75 யூரோ
• கேமரூன், ஐவரி கோஸ்ட், கானா: 0

ஏழை நாடுகளுக்கான பொதுச் சலுகைத் திட்டம் ஒன்றை ஐரோப்பா 1971 முதல் நடத்துகிறது. இந்தத் திட்டத்துக்கான தீர்மானம் நிறைவேறிய இடமே புதுடெல்லிதான், 1968இல் ஐ.நா. வணிக, வளர்ச்சி மாநாடு இங்கே கூடியபோது. இந்தியாவின் இறால் அந்தத் திட்டத்தால் 12 சதவீதத்துக்குப் பதில் 4.2 சதவீத வரியில் ஐரோப்பாவுக்குள் போனது. ஆனால் புதிய வாழைப்பழத்தை அந்தத் திட்டத்தின் பொதுப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. ஆகவே இந்திய வாழைக்கு அங்கே இருந்தது 114 யூரோ வரிசைதான்.

ஒரு கண்டெய்னர் கணக்கு

குளிர்பதனக் கண்டெய்னர் ஒன்றில் 20 டன் என்றும், கணக்கு எளிதாக ஒரு யூரோ 100 ரூபாய் என்றும் கொள்வோம்.

• இந்தியா: 2,280 யூரோ, 2.28 லட்சம் ரூபாய், கிலோவுக்கு 11.40
• ஈக்வடார்: 1,500 யூரோ, 1.50 லட்சம் ரூபாய்; கிலோவுக்கு 7.50
• கேமரூன்: வரி இல்லை

ஈக்வடாரோடு ஒப்பிட்டால் கண்டெய்னருக்கு 78,000 ரூபாய் பின்னால் நின்றே நாம் பந்தயத்தைத் தொடங்குகிறோம். கேமரூனோடு என்றால் 2.28 லட்சம். ஒரு யூரோ 1.10 டாலர் என்று வைத்தால் 114 யூரோ என்பது 125 டாலர். நம் சராசரி ஏற்றுமதி விலையான 489 டாலரில் நாலில் ஒரு பங்கு. எடைக்கு வரி என்பதால் இன்னொரு பாதகமும் உண்டு. சந்தையில் விலை சரிந்தாலும் வரி சரியாது. மலிவான பழம்தான் அதிகச் சுமையைத் தாங்குகிறது.

இந்த எண்கள் வந்த வழி

ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் 46உடன் ஐரோப்பா 1975இல் லோமே ஒப்பந்தம் செய்தது. அவற்றில் பெரும்பாலானவை முன்னாள் காலனிகள். நாமும் காலனியாக இருந்தவர்கள்தான்; ஆசிய காமன்வெல்த் நாடுகளை அதில் சேர்க்கவில்லை. லோமே நாடுகளின் பழத்துக்குச் சலுகை தரும் வகையில் 1993இல் ஐரோப்பா வாழைக்கு ஒதுக்கீடு வைத்தது. லத்தீன் அமெரிக்கப் பழம் ஒதுக்கீட்டுக்குள் வந்தால் டன்னுக்கு 100 எக்யூ (யூரோவுக்கு முந்தைய கணக்கு அலகு), மீறினால் 850. ஈக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ, அமெரிக்கா ஐந்தும் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் 1997இல் வென்றன. ஐரோப்பா இறங்கி வராததால் 1999இல் அமெரிக்கா 19.14 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்கள் மீது 100 சதவீத வரி போட்டது. 2006இல் ஒதுக்கீடு போய் ஒரே வரி வந்தது: 176 யூரோ. 2009 டிசம்பரில் ஜெனீவாவில் அதை 114 வரை படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். 75 யூரோ அதற்குப் பிறகு தனி வணிக ஒப்பந்தங்களில் கிடைத்தது.

அந்த 176, 114 ஆனதில் இந்திய விவசாயிக்கும் பங்கு கிடைத்தது; வழக்காடியவர்கள் வேறு நாட்டவர். கேட்டு நின்றவர்களுக்கே மேலும் 39 யூரோ குறைந்தது.

வரிக்கு வெளியே உள்ள செலவு

வரியை மட்டும் குறை சொல்லி நிறுத்தினால் கணக்கு முழுமையாகாது. உலகச் சந்தை கேட்பது கேவண்டிஷ் ரகம். தாமிரபரணிக் கரையில் அதிகம் நிற்பது ஏத்தன், கதலி, சக்கை. சீப்பைக் கழுவி, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, வெட்டிய நேரத்திலிருந்து குளிர் விடாமல் கொண்டுபோக வேண்டும். பூச்சிமருந்து எச்சம் அளவுக்குள் இருக்க வேண்டும். இவை நம்மால் முடியாதவை அல்ல. 2021இல் கொச்சியிலிருந்து லண்டனுக்கு நேந்திரன் கப்பலில் போனது. அதுவே நம்மூர் ஏத்தன். அதற்கான முறையைத் தந்தது திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம். 2023 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து நெதர்லாந்துக்கு ஒரு சோதனைச் சரக்கு புறப்பட்டது.

இரண்டு வேலைகள் மிச்சம். ஆற்றங்கரையில் சிப்பம் கட்டும் கூடமும் குளிர்பதனக் கிடங்கும் அரசு அமைத்துத் தர வேண்டும். வணிகப் பேச்சு மேசையில் இந்தியா வாழையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். குறைந்தபட்ச இலக்கு 75 யூரோ. அது கிடைத்தாலே கிலோவுக்கு 3.90 ரூபாய் மிச்சம். அதில் விவசாயியின் பங்கு எவ்வளவு என்பதையும் ஏற்றுமதியாளரோடு முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.