ஐவிஎஃப்: ‘கருமுட்டை சரியில்லை’ன்னு டாக்டர் சொன்னா என்ன அர்த்தம்?

2019 செப்டம்பரில் ஆந்திராவின் குண்டூரில் 74 வயதுப் பெண் ஒருவர் ஐவிஎஃப் மூலம் இரட்டைக் குழந்தை பெற்றார். அந்தச் செய்தியைப் பார்த்து ‘நமக்கு இன்னும் டைம் இருக்கு’ன்னு நீங்களும் நினைச்சிருக்கலாம். ஆனா அந்தக் கருமுட்டை அவருடையது இல்லை, தானமாகப் பெற்றது. வயதான கர்ப்பப்பையை மருந்து கொடுத்துத் தயார் செய்ய முடியும். வயதான கருமுட்டையை இளமையாக்க இன்றுவரை வழியில்லை.

ஏன்?

ஆண்களுக்கு விந்தணு தினமும் புதிதாக உருவாகிறது. பெண் பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறாள். அவை செல் பிரிவின் பாதியிலேயே நின்று காத்திருக்கும். 38 வயதில் வெளிவரும் முட்டை, 38 வருஷத்துக்கு மேல் காத்திருந்த முட்டை. இதற்குள் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் தளர்ந்துவிடும். பிரியும்போது ஒரு குரோமோசோம் கூடலாம், குறையலாம். அப்படி ஆனால் கரு ஒட்டாமல் போகலாம், கலைந்துபோகலாம். ஐவிஎஃப் கருக்களில் இந்தக் கோளாறு 30 வயதை ஒட்டி ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் இருக்கும். 40-ஐத் தாண்டினால் பாதிக்கும் மேல்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

மைக்ரோஸ்கோப்பில் தெரியும் குறைகள் தனி. முதிராத முட்டையை அப்படியே கருத்தரிக்க வைக்க முடியாது. ஆனா வடிவம் கொஞ்சம் மாறியிருக்கு, உள்ளே துகள் துகளாக இருக்குன்னு எழுதியிருந்தா பதற வேண்டாம். அப்படிப்பட்ட முட்டையிலிருந்தும் ஆரோக்கியமான குழந்தை பிறக்கலாம். குரோமோசோம் கோளாறு வெளியே தெரியாது. பார்க்க அழகான முட்டையிலும் அது இருக்கலாம்.

ஏஎம்ஹெச் டெஸ்ட்? அது எத்தனை முட்டை மிச்சம் இருக்குன்னு தோராயமாகச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. கருவின் குரோமோசோம் பரிசோதனை நல்ல கருவைத் தேர்ந்தெடுக்க உதவும், கெட்டதைச் சரி செய்யாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வயது வரைதான் அனுமதி. கருமுட்டை தானம் தருபவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான், 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது.

சென்னையோ மைசூருவோ, எங்கே சிகிச்சை எடுத்தாலும் இதைக் கேளுங்க: எடுத்ததில் முதிர்ந்த முட்டை எத்தனை? கருத்தரித்தவை எத்தனை? 5-ம் நாள் வரை வளர்ந்தவை எத்தனை? கணவரின் விந்தணு ரிப்போர்ட் என்ன சொல்லுது? இந்தப் பதில்கள் கையில் இல்லாமல் அடுத்த சுழற்சிக்குப் பணம் கட்டாதீங்க.