'தகுதி' என்ற சொல்லும் டார்வினும்

கூட்டம் ஒன்றில் இடஒதுக்கீடு பற்றிய பேச்சின் நடுவே நண்பர் ஒருவர் எழுந்து, 'தகுதியுள்ளது பிழைக்கும்னு டார்வினே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன?' என்றார். கைதட்டலும் கிடைத்தது. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் எனக்கு முதலில் உறுத்தியது அறிவியல் அல்ல, சொல்.

அந்தத் தொடர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் உருவாக்கியது. 1859இல் வந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் அது இல்லை. 1869இல், ஐந்தாம் பதிப்பில்தான் எடுத்துக்கொண்டார். அவர் குறித்தது அந்தந்தச் சூழலுக்குப் பொருந்துதலை. 'பொருத்தம்' தமிழில் 'தகுதி' ஆனபோது விவரணை மதிப்பீடாகிவிட்டது. 'பரிணாம வளர்ச்சி'யில் ஒட்டிக்கொண்ட 'வளர்ச்சி'யும் இப்படித்தான். ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும் தொல்காப்பிய மரபியல் ஒரு ஏணி. டார்வின் வரைந்தது கிளைவிடும் மரம். முன்னதில் பின்னதைக் 'கண்டுபிடிக்கிற' நம் தமிழய்யாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இயற்கைத் தேர்வு மூன்றே விஷயம். ஓரினத்து உயிர்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில் சில வாரிசுகளுக்குப் போய்ச் சேர்கின்றன. சூழலுக்கு உதவும் வேறுபாட்டை உடையவை கூடுதலாகச் சந்ததி விடுகின்றன. தேர்வு என்கிறோமே தவிர, தேர்ந்தெடுக்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

காலாபகோஸில் டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளுக்கு வளையமிட்டு அலகை அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன. கெட்டி விதையை உடைக்க முடிந்த தடித்த அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் அலகும் தடித்தது. 1983இல் எல் நினோ பெருமழை. சிறு விதைகள் பெருகின. அதன்பின் சிறிய அலகுக்காரர்களுக்குத்தான் காலம். இதில் எது 'தகுதி'?

புதைபடிவமும் இதையேதான் சொல்கிறது. செத்தது பெரும்பாலும் மக்கிப்போகும். சேற்றில் சட்டென்று புதைந்தவற்றில் சில மட்டும் தாது ஊறிக் கல்லாகின்றன. அரியலூர்ப் பக்கம் கிடைக்கும் அம்மோனைட்டுகள், சுருள் ஓட்டுக் கடலுயிர்கள், அப்படிக் கல்லானவை. அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் தழைத்த கூட்டம் அது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய பேரழிவோடு அற்றுப்போனது. தூரத்து உறவான நாட்டிலஸ் இன்றும் நீந்துகிறது. அம்மோனைட்டுக்குத் 'தகுதி' இல்லாமலா 30 கோடி ஆண்டு வாழ்ந்தது?

இதனால் இடஒதுக்கீட்டுக்கு டார்வினிடம் சான்று கேட்கலாம் என்று நான் சொல்லவரவில்லை. இயற்கையில் நடப்பதெல்லாம் நியாயமாகிவிடாது, எந்தப் பக்கத்துக்கும். டாஃப்னி தீவின் வறட்சியை எந்தக் குருவியும் உண்டாக்கவில்லை. ஆனால் யார் படிக்கலாம், யார் ஊர்க்கிணற்றில் நீர் எடுக்கலாம் என்ற நம் சூழலை மனிதர்கள்தான் கட்டினார்கள். கட்டியவர்கள் அதற்கு 'இயற்கை' என்று பெயர் வைக்கும்போது, கைதட்டுமுன் நாம் கொஞ்சம் யோசிக்கணும்.