கருமுட்டை தானம் ஒரு நாள் வேலையா?

குழந்தையில்லாத சில பெண்களுக்கு நல்ல கருமுட்டை உருவாவதில்லை. வேறொரு பெண் தன் முட்டையைக் கொடுத்து உதவலாம். "காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்று சொல்லி ஆள் சேர்க்கும் தரகர்கள் உண்டு. முட்டை எடுக்க அரை மணி நேரம்தான். அது உண்மை. மற்ற நாட்களைப் பற்றித் தரகர் பேசுவதில்லை.

முதலில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். இதற்கே சில நாள் அலைய வேண்டும்.

மாதவிலக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஊசி தொடங்கும். சாதாரணமாக மாதம் ஒரு முட்டைதான் முதிரும். ஊசி போட்டால் பல முட்டைகள் முதிரும். சுமார் 10 முதல் 12 நாள் தினமும் ஊசி. நடுவில் பல முறை ஸ்கேன். கூலி வேலை செய்பவளுக்கு அத்தனை நாள் கூலியும் போச்சு. கடைசி ஊசியை மணி பார்த்துப் போடுவார்கள். அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். மயக்க மருந்து கொடுப்பதால் துணைக்கு ஒருவர் வேண்டும். அவருக்கும் அன்று வேலை கெடும்.

பிறகும் சில நாள் தண்ணீர்க் குடம், சுமை தூக்கக் கூடாது. அடுத்த மாதவிலக்கு வரச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதுவரை கவனம் தேவை. வயிறு உப்பினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 23 முதல் 35 வயதுள்ள பெண்தான் கொடுக்கலாம். அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. விற்பது குற்றம். முட்டை பெறும் தம்பதி அவளுக்கு 12 மாத இன்சூரன்ஸ் எடுத்துத் தர வேண்டும். அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு முதல் ஊசி போட்டுக்கொள்வதே நல்லது.