கழுவு தொட்டியில் கவிழ்த்த பாடம்

பட்ட வகுப்பில் நம்மில் பலரையும் ஒரு தாள் துரத்தியிருக்கும்: சுற்றுச்சூழல் கல்வி. கணிதம் படிப்பவர்க்கும் அது உண்டு. வணிகவியல் படிப்பவர்க்கும் உண்டு. எம். சி. மேத்தா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின் பயன் அது. ஆணை பிறந்ததும் பாடம் வந்துவிடவில்லை. 2003இல் நீதிமன்றம் மறுபடியும் வற்புறுத்திய பின்னரே பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறு மாதப் பாடத்திட்டம் கல்லூரிகளில் நுழைந்தது. மொத்தம் 50 விரிவுரைகள். அவற்றுள் வெளியே சென்று கண்ணால் காண்பதற்கு 5. நான் படித்த கல்லூரியில் காணாமற்போனது அந்த ஐந்துதான்.

'வளங்குன்றா வளர்ச்சி' யாது என்ற வினாவுக்கு, 1987இல் புருண்ட்லாந்து குழு தந்த விளக்கத்தை மனப்பாடமாய் எழுதினேன்: பின்வருவோரின் பங்கில் கைவைக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்வது. முழு மதிப்பெண் கிடைத்தது.

பிறகு எம்.எஸ்ஸி. ரசாயன ஆய்வுக்கூடம். யமுனை நீரில் எவ்வளவு மாசு என்று அளக்கும் சோதனை. 20 மி.லி. நீருடன் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்க வைக்கவேண்டும். கழிவுப் பொருள் எவ்வளவு டைகுரோமேட்டைத் தின்றது என்பதே கணக்கு. நீரிலுள்ள குளோரைடும் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் கணக்குத் தவறுமல்லவா? அதைக் கட்டிப்போட 0.4 கிராம் மெர்க்குரிக் சல்பேட் இடுகிறோம். பியூரெட் அளவைக் குறித்துக்கொண்டு, ஆறு குடுவைகளையும் கழுவு தொட்டியில் கவிழ்த்தேன்.

அன்றிரவு விடுதியில் குறிப்பேடு எழுதுகையில்தான் உறுத்தியது. 0.4 கிராம் உப்பில் பாதரசம் மட்டும் ஏறத்தாழ 0.27 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கூடாதென்பது இந்தியத் தரநிர்ணயம். ஒரே குடுவை, 2,70,000 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும்! யமுனை கெட்டிருப்பதை அளக்கப் போனவன், என் பங்குக்கும் கெடுத்துவிட்டு வந்தேன்.

கழிவுநீர் நிலையம் பார்த்துக்கொள்ளாதா என்று சிலர் வினவலாம். அங்குள்ள நுண்ணுயிர்கள் மலத்தைத் தின்னும். பாதரசமோ தனிமம், அதைச் சிதைக்க எவ்வுயிராலும் ஆகாது. காற்றுப் புகாத சேற்றில் அது மெத்தில் பாதரசமாகி மீனில் ஏறும். 1956இல் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய் மெத்தில் பாதரசத்தால் வந்ததே. 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையை நம்மவர் மறந்திருக்கமாட்டார்.

சுற்றுச்சூழல் தாளில் இந்தக் கணக்கை யாரும் கேட்டதில்லை. சோதனையைக் கற்பித்த தாளிலும் கேட்டதில்லை. தனித் தாள் இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ரசாயனம் படிப்பவனுக்கு இப்பாடம் ஆய்வு மேசையிலேயே வரவேண்டும். மூடிய குழாயில் சில மி.லி. நீரைக் கொண்டே இச்சோதனையைச் செய்யும் முறை உண்டு. பாதரசச் செலவு மிகக் குறையும். அதை ஏன் முதலில் கற்பிக்கக்கூடாது? செய்முறைத் தேர்வில் 'கழிவை என் செய்தாய்?' என்று ஒரு வினா வைத்து 2 மதிப்பெண் கொடுக்கட்டும். மதிப்பெண்ணுக்காக நாம் எதையும் செய்வோம், நானும் விலக்கல்ல.

இப்போது எங்கள் மேசையடியில் ஒரு பழைய அமிலப் புட்டி நிற்கிறது. 'பாதரசம் – தொட்டியில் கொட்டாதீர்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அரைப் புட்டி நிறைந்துவிட்டது. அபாயக் கழிவை ஏற்கும் நிலையத்துக்கு இதை அனுப்புவது யார் பொறுப்பு என்று துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுள்ளேன். பதில் இன்னும் வரவில்லை.