பழைய பசையும் புதுச் சுவரும்: கிச்சன் சுவத்துல ஒட்டியிருக்குறதை எப்படி எடுக்குறது?

வீட்டுல கிச்சனைப் புதுப்பிக்கப் போறாங்கன்னா, டைல்ஸ் கடைக்குப் போய் டிசைன் பார்க்க மொத்தக் குடும்பமும் கிளம்பிடும். பழைய டைல்ஸைக் கழட்டுன பிறகு சுவத்துல திட்டுத் திட்டா மிச்சம் நிக்குமே ஒரு பசை, அதைப் பத்தி மட்டும் யாரும் பேச மாட்டாங்க. "அதெல்லாம் கொத்தனார் பார்த்துப்பார்" என்று விட்டுவிடுவோம். அவரும் சுத்தியலை எடுத்து ரெண்டு தட்டு தட்டிவிட்டு, மேலேயே புது டைல்ஸை ஒட்டிவிடுவார். அல்லது சிப்பிங் மெஷினைப் போட்டு, பசையோடு சேர்த்துப் பூச்சையும் பெயர்த்துவிடுவார்.

ரெண்டுமே நஷ்டம்தான். முதல் வழியில் புது டைல்ஸ் கொஞ்ச நாளில் கழன்று வரலாம். ரெண்டாவது வழியில் சுவரையே திரும்பப் பூச வேண்டி வரும். இதுக்கு நடுவுல ஒரு வழி இருக்கு. அதுக்குத் தேவை பெரிய மெஷின் இல்ல. முதல் வருஷம் படிச்ச என்ஜினியரிங் கெமிஸ்ட்ரி. ஒரு பசை எப்படி இறுகியது என்று தெரிந்தால், அதை எப்படி விடுவிப்பது என்றும் தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

விட்டுப்போனது எந்த இடம்?

செங்கல், அதன் மேல் பூச்சு, அதன் மேல் பசை, கடைசியாக டைல். இதை ஒரு சங்கிலி மாதிரி நினைச்சுக்குங்க. எந்தக் கண்ணி பலவீனமோ, அங்கேதான் அறும். அதனால் கழட்டிய டைலைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி, திருப்பி அதோட முதுகைப் பாருங்க.

டைல் முதுகு சுத்தமா இருந்து, பசை எல்லாம் சுவத்துலயே நின்னா, பசைக்கும் சுவருக்கும் உள்ள பிடி நல்லா இருக்குன்னு அர்த்தம். பசை முழுக்க டைலோடு வந்துட்டா, சுவர்ப் பக்கம் பிடி இல்ல. பசையே நடுவில் பிளந்து ரெண்டு பக்கமும் பாதி பாதி நின்னா, பசைக்கு உள்ளேயே வலு போதவில்லை. பசையோடு சேர்ந்து பூச்சும் பெயர்ந்து வந்தா, பிரச்சினை பசையில் இல்லை, பூச்சில் இருக்கு. ஒரு டைலைத் திருப்பிப் பார்த்தாலே இந்த நாலில் எது என்று தெரிந்துவிடும்.

அஞ்சு வகை, அஞ்சு குணம்

கிச்சன் சுவரில் பொதுவாகப் பார்க்கக்கூடியவை இவை.

ஒன்று, சிமென்ட் வகை. பழைய வீடுகளில் சிமென்ட் கலவை அல்லது சிமென்ட் பால்; புது வீடுகளில் மூட்டையில் வரும் டைல் அட்ஹெஸிவ். இதற்கு ஐ.எஸ். 15477 என்று ஒரு இந்தியத் தர நிர்ணயமே உண்டு. சாம்பல் அல்லது வெள்ளை நிறம், நகத்தால் கீறினால் ஒன்றும் ஆகாது.

ரெண்டு, வெள்ளைப் பசை. ஃபெவிகால் மாதிரி பாலிவினைல் அசிட்டேட் வகை. பலகையோ பேப்பரோ ஒட்டிய இடத்தில், காய்ந்து கண்ணாடி போல் தெரியும்.

மூணு, மஞ்சள் ரப்பர் பசை. மைகா ஒட்ட ஆசாரி ரெண்டு பக்கமும் தடவி, கொஞ்ச நேரம் காயவிட்டு அழுத்துவாரே, அது. நியோபிரீன் ரப்பரைக் கரைப்பானில் கரைத்தது.

நாலு, ஸ்டிக்கர் பசை. அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் தெறிக்காமல் இருக்க ஒட்டும் அலுமினிய ஃபாயில் ஷீட், பிளாஸ்டிக் வால் ஸ்டிக்கர், இதெல்லாம். வாடகை வீடு காலி பண்ணும்போது அட்வான்ஸில் கை வைக்கும் வில்லன் இதுதான்.

அஞ்சு, சிலிகான். மேடையும் சுவரும் சேரும் மூலையில், சிங்க் ஓரத்தில், ரப்பர் மாதிரி வளையும் கோடு.

எந்த வகைன்னு தெரியலையா? ஒரு சின்ன இடத்தில் மூணு சோதனை செய்யுங்க. நகத்தால் கீறுங்க. ஈரத் துணியை இருபது நிமிஷம் ஒட்டி வையுங்க. மின்சாதனம் என்பதால் ஈரம் காய்ந்த பிறகு, வேறு இடத்தில் ஹேர் டிரையரை ஒரு நிமிஷம் காட்டுங்க. தண்ணிக்கு மசிந்தால் வெள்ளைப் பசை. சூட்டுக்கு இளகிப் பிசுபிசுத்தால் ரப்பர் அல்லது ஸ்டிக்கர். வளையும், ஆனால் ரெண்டுக்கும் அசையாது என்றால் சிலிகான். கல் மாதிரி நின்றால் சிமென்ட்.

இறுகிய வழியிலேயே திரும்பிப் போவது

வெள்ளைப் பசையில் தண்ணீர் ஆவியாகிப் போனதும் பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று கலந்து படலமாகின்றன. புதுப் பிணைப்பு எதுவும் உருவாகவில்லை. அதனால் வெந்நீரில் நனைத்த துணியை ஒட்டிவைத்தால் ஊறி, வெளுத்து, மெதுவாகும். அப்போ பட்டி தகட்டால் சுரண்டிவிடலாம். ஊறுவதற்கு நேரம் கொடுக்கணும், அவசரப்பட்டுத் தேய்ச்சா பூச்சுதான் தேயும்.

ஸ்டிக்கர் பசை எப்போதுமே முழுசாக இறுகுவதில்லை. அது பாதி திடம், பாதி திரவம். வேகமாக இழுத்தால் திடப்பொருள் மாதிரி விறைத்து, பெயின்ட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். மெதுவாக இழுத்தால் திரவம் மாதிரி நீண்டு விட்டுக்கொடுக்கும். அதனால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, ஸ்டிக்கரை மடித்து, சுவரை ஒட்டியே மெதுவாக இழுக்கணும். சுவரிலிருந்து நேராக வெளியே இழுத்தால் பெயின்ட் போச்சு. மிச்சம் நிற்கும் பிசுபிசுப்புக்குத் தேங்காய் எண்ணெய் பல சமயம் போதும். ஆனால் டைல், கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பில் மட்டும். பூச்சிலோ பெயின்ட்டிலோ எண்ணெய் இறங்கினால், அதன் மேல் அடுத்த பெயின்ட் பிடிக்காது. ஃபாயில் ஷீட்டாக இருந்தால் இன்னொன்று: அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். சுவிட்ச் போர்டு பக்கத்தில் உரிக்கும்போது மெயினை அணைத்துவிட்டு, சூடாக்காமல் கையாலேயே உரிப்பது நல்லது.

ரப்பர் பசை சூட்டுக்கும் இளகும், தின்னருக்கும் இளகும். ரெண்டையும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது, ஒருபோதும். தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுயீன் மாதிரியான கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. கேஸ் மாதிரியே தரையோடு தவழ்ந்து போய், தூரத்தில் இருக்கும் ஒரு பொறியைத் தேடிப் பிடிக்கும். ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது வரும் சின்னப் பொறியே போதும். கிச்சனில் முடிந்தவரை சூடும் தகடும் போதும். தின்னர்தான் வேணும்னா சிலிண்டரையும் ஃபிரிட்ஜையும் வெளியே எடுத்துட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைச்சுட்டுத்தான்.

சிலிகான் வேறு ஜாதி. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலிகள், காற்றின் ஈரத்தைப் பயன்படுத்தி ஒன்றோடொன்று வலை மாதிரி பின்னிக்கொள்கின்றன. போட்ட அன்னிக்குப் புளிச்ச வினிகர் வாடை வந்திருந்தா, அது இந்தப் பின்னலின்போது வெளியேறிய அசிட்டிக் அமிலம். வலையாகிவிட்ட பிறகு வீட்டுச் சாமான் எதிலும் கரையாது. பிளேடால் ரெண்டு ஓரத்தையும் வெட்டி, கயிறு மாதிரி உருவணும். மிச்சப் படலத்தையும் விடாமல் சுரண்டணும். ஏன்னா பழைய சிலிகான் மேல பெயின்ட்டும் ஒட்டாது, சிமென்ட்டும் ஒட்டாது.

கடைசியா சிமென்ட். இது காய்ந்து இறுகியது இல்லை. தண்ணீரோடு வினைபுரிந்து புதுப் பொருளாகவே மாறியது. அதனால் தண்ணீர் ஊற்றினாலும், சூடு காட்டினாலும் திரும்பிப் போகாது. "ஆசிட் ஊத்துனா போயிடும்" என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். ஆனால் பசையிலும் கால்சியம், பூச்சிலும் கால்சியம். எது பசை, எது சுவர் என்று ஆசிட்டுக்குத் தெரியாது. ஸ்டீல் சிங்க், குழாய், அடுப்பு எல்லாத்தையும் அரிக்கும். கழுவுறேன்னு பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் சேர்ந்துட்டா குளோரின் வாயு வரும். வேண்டவே வேண்டாம்.

சிமென்ட்டுக்கு வழி உளிதான். ஆனால் பிடிக்கும் கோணம் முக்கியம். உள்பூச்சு வழக்கமாக 12 மி.மீ. அளவுதான் இருக்கும். உளியைச் செங்குத்தாக வைத்து அடித்தால், அந்த அதிர்ச்சி முழுக்கப் பூச்சுக்குள் இறங்கி, விரிசல் விடும். பட்டை உளியைச் சுவரை ஒட்டிச் சாய்த்து, ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்தால், அடி பசைக்கும் பூச்சுக்கும் இடையில் பக்கவாட்டில் ஓடும். பசை பத்தை பத்தையாகப் பெயரும்.

எல்லாத்தையும் எடுக்கணுமா?

இங்கேதான் பலர் தேவையில்லாமல் உழைக்கிறார்கள். எண்ணெய், ரப்பர், ஸ்டிக்கர், சிலிகான் இதெல்லாம் முழுக்கப் போகணும். அது மேல எதுவும் நிக்காது. ஆனால் சிமென்ட் வகை அப்படி இல்லை. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாங்க. "டொக் டொக்" என்று பொள்ளலான சத்தம் வந்தால் உள்ளே பிடி விட்டுப்போச்சு, எடுத்துடுங்க. கெட்டியான சத்தம் வந்தால் அது சுவரோடு சுவராகிவிட்டது. பல் கரணை இழுத்த வரிகள் மேடாக நின்றால், மேட்டை மட்டும் தட்டிச் சமப்படுத்தினால் போதும்.

கடைசியில் ஒரு சோதனை. சுவரைக் கழுவிக் காயவிட்டு, அங்கங்கே தண்ணீர் தெளியுங்க. துளி பரவி உறிஞ்சினால் பரப்பு சுத்தம். முத்து மாதிரி உருண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சிலிகானோ இன்னும் இருக்கு. லேபில் தொடு கோணம்னு படிச்சது இதுதான். தண்ணீரையே ஏற்காத இடம் புதுப் பசையையும் ஏற்காது.

யாரும் கணக்குப் போடாத ஒரு விஷயம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்திதான் படிப்பீங்கன்னா, இதைப் படிங்க. உளி மெதுவாக இருக்கு என்று கிரைண்டரைப் போட்டுப் பசையைத் தேய்ப்பார்கள். அந்தப் பசையில் மணல் இருக்கு. மணல் என்றால் சிலிக்கா. அதன் நுண்தூசி நுரையீரலின் ஆழம் வரை போய்த் தங்கும். சிலிகோசிஸ் என்ற அந்த நோயை மாற்ற மருந்து இல்லை. சுவாசிக்கும் சிலிக்காத் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து அடி நீளம், ரெண்டு அடி உயரத்துக்கு டைல் இருந்த சுவர். பரப்பு சுமார் 1.86 சதுர மீட்டர். 5 மி.மீ. கனத்துக்குப் பசை. அடர்த்தி கன மீட்டருக்கு 1800 கிலோ என்று வைத்தால், மொத்தம் 16 கிலோவுக்கு மேல். அதில் லட்சத்தில் ஒரு பங்குதான் நுண்தூசியாக மிதக்கிறது என்று வைப்போம்: 160 மில்லிகிராம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம், 28 கன மீட்டர் காற்று. கன மீட்டருக்கு 5.7 மில்லிகிராம். அதில் மூணில் ஒரு பங்கு சிலிக்கா என்றால் 1.9. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 2016-ல் நிர்ணயித்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக, 0.05 மில்லிகிராம்தான். அந்தக் காற்றிலேயே நாள் முழுக்க வேலை என்றால் வரம்பைப்போல 38 மடங்கு. அதுவும் லட்சத்தில் ஒரு பங்குக்கு!

தீர்வு ரொம்பச் சாதாரணம். சுவரை நனைத்துக்கொண்டே உளியால் எடுக்கணும். ஈரத்தில் தூசி எழும்பாது. நனைக்கும் முன் அந்தப் பக்கத்து மின் இணைப்பை அணைக்கணும். கிரைண்டரைத் தவிர்க்கணும், தவிர்க்க முடியாதென்றால் தூசி உறிஞ்சும் இயந்திரம் பொருத்தினதா இருக்கணும். மூஞ்சியில் கட்டுற துண்டு நுண்தூசியைத் தடுக்காது. சரியாகப் பொருந்தின என்95 மாஸ்க் வேணும். முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல், ஈரத் துணியால் துடைக்கணும். அந்தச் சிமென்ட் கழிவைச் சிங்கில் கழுவி விட்டுடாதீங்க, குழாய்க்குள்ள போய் அங்கேயும் இறுகிடும்.

நம்ம வீட்டுல இந்த வேலை ஒரு நாள்ல முடிஞ்சிடும். நாம அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கலாம். உளி பிடிக்கிற அண்ணன் நாளைக்கு வேற வீட்டுக்குப் போவார், நாளன்னிக்கு இன்னொரு வீட்டுக்கு. அவர் தானா மாஸ்க் கேட்க மாட்டார். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு இவ்வளவுன்னு கணக்குப் பார்த்துக் கொடுக்கிற பட்ஜெட்டில், ரெண்டு மாஸ்க்கையும் ஒரு வாளித் தண்ணியையும் சேர்த்து எழுதுங்க. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவர் கையில் கொடுத்துடுங்க.