பொய் விளம்பரத்தை டெலிவிஷன் மறுக்கலாமா?

"எங்கள் சோப்பைப் போட்டால் 7 நாளில் முகம் பளபளக்கும்" என்று ஒரு கம்பெனி டெலிவிஷனில் விளம்பரம் செய்கிறது. பளபளக்கவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம். மும்பையில் 1985-ம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் அதை விசாரிக்கும். "ஏழு நாள் என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று கம்பெனியைக் கேட்கும். ஆதாரம் இல்லை என்றால், விளம்பரத்தைத் திருத்தச் சொல்லும். அல்லது நிறுத்தச் சொல்லும்.

அடுத்த நிமிடம் அதே டெலிவிஷனில் ஒரு அரசியல் கட்சி தோன்றுகிறது. "எங்கள் ஆட்சியில் இத்தனை லட்சம் பேருக்கு வேலை கொடுத்தோம்" என்கிறது. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த கவுன்சில் கேட்பது இல்லை. அரசியல் விளம்பரம் அதன் வரம்புக்குள் வராது.

சோப்பில் ஏமாந்தால் சில ரூபாய்தான் நஷ்டம். ஓட்டில் ஏமாந்தால் 5 வருடம் காத்திருக்க வேண்டும். அப்படியானால், பொய் சொல்லும் அரசியல் விளம்பரத்தை டெலிவிஷன் நிலையத்தாரே திருப்பி அனுப்பிவிடலாமே என்று கேட்கத் தோன்றும்.

ஆந்திராவில் தொடங்கிய வழக்கு

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. 1994-ம் ஆண்டின் கேபிள் டெலிவிஷன் விதிகள் அரசியல் விளம்பரத்தை அடியோடு தடை செய்தன. 2004 பாராளுமன்றத் தேர்தலின்போது, ஜெமினி டி.வி. தொடுத்த வழக்கில் ஆந்திர ஐகோர்ட்டு மார்ச்சு 23-ந் தேதி அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஏப்ரல் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு நடுவழியைக் காட்டியது. விளம்பரம் வரலாம், ஆனால் முன்கூட்டியே ஒரு கமிட்டியிடம் காட்டி சான்றிதழ் வாங்க வேண்டும்.

தேர்தல் கமிஷன் இரண்டே நாளில் உத்தரவு போட்டது. பதிவு பெற்ற கட்சிகளும் வேட்பாளர்களும் ஒளிபரப்புக்கு 3 நாள் முன்பாகவும், மற்றவர்கள் 7 நாள் முன்பாகவும் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத விளம்பரத்தை நிலையத்தார் ஒளிபரப்பக்கூடாது.

விண்ணப்பத்தில் கேட்கும் விவரங்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. படம் எடுக்க என்ன செலவு, ஒளிபரப்ப என்ன செலவு, எத்தனை தடவை வரும், ஒரு தடவைக்கு என்ன கட்டணம் என்றெல்லாம் எழுத வேண்டும். பணத்தை செக்காகவோ டிராப்டாகவோதான் கொடுப்போம் என்று உறுதிமொழியும் தர வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் புள்ளிவிவரத்துக்கு ஆதாரம் என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சுப்ரீம் கோர்ட்டு சொன்ன அளவுகோலும் அப்படித்தான். சட்டத்துக்கு உட்பட்டதா, ஒழுக்கத்தையும் கண்ணியத்தையும் புண்படுத்துகிறதா, அருவருப்பானதா என்று கமிட்டி பார்க்கிறது. இதனால் வெட்டு விழுவது பெரும்பாலும் வசைச் சொல்லுக்கே.

2017 குஜராத் தேர்தலில் பா.ஜனதா விளம்பரத்தில் "பப்பு" என்ற சொல் ஆட்சேபிக்கப்பட்டது. அது ராகுல் காந்தியைக் கேலி செய்யும் சொல். கட்சி அதை "யுவராஜ்" என்று மாற்றிக் கொண்டது. (கேலி போய்விட்டதா என்பது வேறு விஷயம்!) 2019-ல் மத்தியப் பிரதேசத்தில் "காவலாளி திருடன்" என்ற காங்கிரஸ் விளம்பரம் தடை செய்யப்பட்டது.

கத்தரி யார் கையில்?

நிலையத்தார் கையில் கத்தரியைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் உண்டு. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்குத் தேர்தல் சமயத்தில் ஆல் இந்தியா ரேடியோவிலும் தூர்தர்ஷனிலும் இலவச நேரம் உண்டு. பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 2024 தேர்தலில் மார்க்சிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரியின் பேச்சில் "வகுப்புவாத எதேச்சதிகார ஆட்சி" என்ற சொற்களை எடுக்கச் சொன்னார்கள். பார்வர்டு பிளாக் தலைவர் தேவராஜனிடம் "முஸ்லிம்கள்" என்ற சொல்லையே எடுக்கச் சொன்னார்கள். இவை கருத்துகள்; பொய்க் கணக்குகள் அல்ல.

தனியார் சேனல்களின் நிலைமையோ சொல்ல வேண்டியதில்லை. எந்த சேனலுக்குப் பின்னால் எந்தக் கட்சி நிற்கிறது என்பது தமிழ் சேனல் பார்க்கும் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே மறுக்கும் உரிமை இருந்தால், எதிர்க்கட்சியின் விளம்பரம் எல்லாம் பொய்யாகிவிடும்.

அமெரிக்காவில் வேட்பாளரின் பேச்சை நிலையம் வெட்டவே கூடாது என்பது சட்டம். 1956-ல் வடக்கு டக்கோட்டாவில் ஒரு வேட்பாளர் டெலிவிஷனில் விவசாயிகள் சங்கத்தைத் தாக்கிப் பேசினார். சங்கம் நிலையத்தின் மீது அவதூறு வழக்குப் போட்டது. வெட்ட உரிமை இல்லாதவரைத் தண்டிக்க முடியாது என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 1959-ல் தீர்ப்புக் கூறியது. இங்கிலாந்தில் டெலிவிஷனில் அரசியல் விளம்பரத்துக்கே இடம் கிடையாது.

நம் சட்டத்தில் பொய்க்குத் தண்டனையே இல்லை என்றும் சொல்ல முடியாது. வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றி, பொய் என்று தெரிந்தே அவதூறு பரப்பினால் தேர்தலே செல்லாமல் போகலாம். ஆனால் அந்த வழக்கு, முடிவு வெளியான பிறகு 45 நாளுக்குள் போடுவது. வேலைவாய்ப்பு, விலைவாசி பற்றிய பொய்க் கணக்கு அதில் சிக்காது.

சொல்லைப் பார்க்கும் கமிட்டியே கணக்கையும் பார்க்கலாம். சரிபார்க்க அவகாசம் போதாது என்பது உண்மைதான். ஆனால் எந்த அறிக்கை, எந்த ஆண்டு என்று விண்ணப்பத்தில் எழுதச் சொல்லவும், அதை விளம்பரத்தின் அடியில் காட்டச் சொல்லவும் அவகாசம் தேவை இல்லை. மியூச்சுவல் பண்டு விளம்பரத்தின் முடிவில் ஒரு எச்சரிக்கையைக் கடகடவென்று படிக்கிறார்கள். கட்சி விளம்பரத்துக்கு அதுகூட இல்லை.