ஏன் சுட்டார் என்று கேட்பதற்கு முன்

2022 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை மாலை. கொல்கத்தாவின் ஜவாஹர்லால் நேரு சாலையில் இருக்கிறது, 1814-ல் தொடங்கப்பட்ட இந்திய அருங்காட்சியகம். அதைக் காவல் காக்கும் சி.ஐ.எஸ்.எஃப். எனப்படும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் தங்கியிருக்கும் வளாகத்தில் திடீரென்று துப்பாக்கி வெடித்தது. படையின் தலைமைக் காவலர் ஒருவர் ஏ.கே.-47 துப்பாக்கியால் சக வீரர்களைச் சுட்டார். உதவி சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் உயிரிழந்தார். ஓர் அதிகாரி காயமடைந்தார். குண்டு துளைக்காத உடையணிந்த போலீசார் பேச்சுக் கொடுத்து, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு அவரைச் சரணடைய வைத்தனர்.

அன்றிரவே காரணங்கள் பேசப்பட்டன. விடுப்பு கொடுக்கவில்லை என்றார்கள். மேலதிகாரிகளின் தொல்லை என்றார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூன் 10 அன்று, அதே நகரின் பார்க் சர்க்கஸ் பகுதியில் வங்கதேசத் துணைத் தூதரகத்தின் அருகே காவல் பணியில் இருந்த கொல்கத்தா ஆயுதப்படைக் காவலர் ஒருவர் தெருவை நோக்கிச் சுட்டார். இருசக்கர வாகனத்தின் பின் இருக்கையில் அமர்ந்து சென்ற ஓர் இளம்பெண் பலியானார். பிறகு அந்தக் காவலர் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். விடுப்பு முடிந்து அப்போதுதான் பணிக்குத் திரும்பியிருந்தார் அவர். ஏன் சுட்டார் என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் உயிரோடு இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2014 அக்டோபர் 8 விடியற்காலையில் கல்பாக்கத்தில் சி.ஐ.எஸ்.எஃப். தலைமைக் காவலர் ஒருவர் சக வீரர்களைச் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள்.

இப்படி ஒன்று நடந்ததும் நம் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி 'ஏன்?' என்பதுதான். அது இயல்பான கேள்வி. ஆனால் விசாரணையில் கடைசியாகப் பதில் கிடைக்கும் கேள்வியும் அதுதான். இடைப்பட்ட காலத்தை ஊகம் நிரப்புகிறது. அந்த ஊகம் எப்படி உருவாகிறது, எங்கே தவறுகிறது, யாரைக் காயப்படுத்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள கொல்கத்தாவின் அனுபவமே போதும்.

காரணம் தேடும் மனம்

கொல்கத்தாவின் பழைய வீடுகளில் தெருவைப் பார்த்த திண்ணை உண்டு. வங்காளிகள் அதை 'ரோக்' என்பார்கள். ஊர்ப்பேச்சு முழுக்க அங்கேதான் நடக்கும். 1989-ல் அந்தத் திண்ணைகளில் ஒரே பேச்சாக இருந்தது 'ஸ்டோன்மேன்'. நடைபாதையில் உறங்கிய ஏழைகளின் தலையில் நள்ளிரவில் கனத்த கல்லைப் போட்டுக் கொன்ற யாரோ ஒருவருக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. சில மாதங்களில் 13 பேர் கொல்லப்பட்டனர். செய்தது ஒருவரா, பலரா என்பதுகூடத் தெளிவாகவில்லை. இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

காரணம் தெரிந்துவிட்டால் ஆபத்துக்கு ஓர் எல்லை போட்டுவிடலாம் என்று மனம் நம்புகிறது. விடுப்புதான் காரணம் என்றால், அது அந்தப் படைக்குள் நடந்த தகராறு, நமக்குப் பயமில்லை. பைத்தியம்தான் காரணம் என்றால், நாம் அப்படி இல்லை, நிம்மதி. ஊகம் செய்பவரை இட்டுச் செல்வது பெரும்பாலும் பயம்தான். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்டோன்மேன் கதையில் மறந்துபோன பாதி ஒன்று உண்டு. கொன்றவர் யாராக இருக்கும் என்று ஊரே பேசியது. கொல்லப்பட்டவர்களில் பலர் யார் என்பது கடைசிவரை அடையாளம் காணப்படவே இல்லை.

முதல் ஊகம் தவறும் விதம்

அருங்காட்சியகம் இருக்கும் அதே ஜவாஹர்லால் நேரு சாலையில்தான் அமெரிக்க மையமும் இருக்கிறது. 2002 ஜனவரி 22 காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அதன் வாசலில் சரமாரியாகச் சுட்டார்கள். 5 பேர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர். நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து நான்கே மாதம் ஆகியிருந்தது. கட்டடத்தின் பெயர்ப்பலகையில் அமெரிக்கா இருந்தது. எனவே இலக்கு அமெரிக்காதான் என்று நினைப்பது எளிதாக இருந்தது.

ஆனால் குண்டு பாய்ந்தது வாசலில் காவல் நின்ற போலீசார் மீது. புலனாய்வு வேறொரு கதையைக் கொண்டுவந்தது. 2001 டிசம்பரில் குஜராத்தில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட ஆசிஃப் ரெசா கான் என்ற கூட்டாளிக்காகப் பழிவாங்க அஃப்தாப் அன்சாரியின் கும்பல் நடத்திய தாக்குதல் அது என்றது போலீஸ். துபாயிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அன்சாரிக்குக் கீழமை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. சம்பவத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 12 ஆண்டுகள்.

உலகமெங்கும் இதே கதைதான். 1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இருவரும் சக மாணவர்களின் கேலியால் வெகுண்டு பழிதீர்த்தவர்கள் என்ற சித்திரம் அந்த வாரமே உருவாகி நிலைத்துவிட்டது. உண்மையில் அவர்கள் பல மாதம் திட்டமிட்டு, உணவுக்கூடத்தையே குண்டுவைத்துத் தகர்க்க முயன்றவர்கள், குண்டுகள் வெடிக்கவில்லை. 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட அன்று, சுட்டவரின் அண்ணன்தான் கொலையாளி என்று சில மணி நேரம் உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. 2017-ல் லாஸ் வேகாஸில் இசை விழாக் கூட்டத்தைச் சுட்டவரைப் பற்றி எஃப்.பி.ஐ. ஓராண்டுக்கு மேல் ஆராய்ந்தது. தெளிவான ஒற்றைக் காரணம் எதுவும் இல்லை என்பதே 2019 ஜனவரியில் அது சொன்ன முடிவு.

ஒரே துப்பாக்கி, இரண்டு சத்தம்

காரணத்தைப் போலவே முறையைப் பற்றியும் வதந்தி கிளம்பும். 'இரண்டு பேர் சுட்டார்கள்', 'எதிர் மாடியிலிருந்தும் குண்டு வந்தது' என்று நேரில் இருந்தவர்களே சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; அவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும்.

ஏ.கே.-47 துப்பாக்கியிலிருந்து தோட்டா விநாடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒலியின் வேகம் அதில் பாதிதான். ஆகவே தோட்டா செல்லும் திசையில் தள்ளி நிற்பவருக்கு முதலில் கேட்பது, காற்றைக் கிழித்துக்கொண்டு தோட்டா கடக்கும் 'சடார்' என்ற ஓசை. துப்பாக்கி வாயின் வெடிச் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். இருபக்கமும் உயர்ந்த பழைய கட்டடங்கள் நிற்கும் மத்திய கொல்கத்தாவின் குறுகிய தெருக்களில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். சுட்டது ஒரு முறை; கேட்டது மூன்று திசையிலிருந்து. லாஸ் வேகாஸிலும் பல பேர் சுட்டதாகப் பலர் நம்பினார்கள். சுட்டவர் ஒருவர்தான்.

விசாரணை அதிகாரி காதை நம்புவதில்லை. தரையில் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு காலித் தோட்டாவையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுகிறார். எண் கொடுத்துப் படம் எடுக்கிறார். தனித்தனி உறையில் முத்திரையிடுகிறார். தோட்டாவின் பின்புறத்தில் துப்பாக்கியின் ஊசி இடித்த சின்னக் குழி இருக்கும். ஒரு துப்பாக்கி இடித்த குழியை நுண்ணோக்கியில் வைத்து மற்றொன்று இடித்ததிலிருந்து பிரித்தறிய நிபுணர்களால் முடியும். பணித் துப்பாக்கி என்றால் ஆயுதக் கிடங்குப் பதிவேடும் உண்டு. கொடுத்த தோட்டாக்களில் மீதியைக் கழித்தால் எத்தனை சுடப்பட்டன என்பது தெரிந்துவிடும். எத்தனை பேர், எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் சில நாட்களில் திடமான பதில் கிடைக்கும். அதுவரை பொறுப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சட்டம் என்ன கேட்கிறது?

பலரும் நினைப்பதுபோல், நோக்கத்தை நிரூபிக்காவிட்டால் வழக்கு விழுந்துவிடாது. சுட்டதைக் கண்ணால் கண்ட நம்பகமான சாட்சி இருந்தால், நோக்கம் தெரியாமலேயே தண்டிக்க முடியும். நேரடிச் சாட்சி இல்லாமல் சூழ்நிலைச் சான்றுகளை மட்டும் நம்பும் வழக்கில்தான் நோக்கத்துக்குக் கனம் கூடுகிறது.

'போலீசிடம் இப்படிச் சொன்னாராம்' என்று அன்றிரவு வரும் செய்தியையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்பது 1872-ன் சாட்சியச் சட்டத்திலிருந்து இன்றைய பாரதிய சாட்சிய அதிநியம் வரை தொடரும் விதி. மாஜிஸ்திரேட் முன் தன்விருப்பத்தோடு தரும் வாக்குமூலத்துக்கே மதிப்பு. மிரட்டலுக்கும் அடிக்கும் பயந்து மனிதர் எதையும் சொல்வார் என்று சட்டத்துக்குத் தெரியும். சட்டமே நம்பாத ஒன்றை நாம் முழு உண்மையாக எடுத்துக்கொள்வது சரியல்ல.

'மனநோயாளி' என்ற முத்திரை

2023 ஜூலை 31 விடியலில் ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தன் மேலதிகாரியையும், பெட்டி பெட்டியாக நடந்து சென்று மூன்று முஸ்லிம் பயணிகளையும் சுட்டுக் கொன்றார். மனநிலை சரியில்லாதவர் என்ற பேச்சு உடனே எழுந்தது. மத வெறுப்பு என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. மதங்களிடையே பகை மூட்டியதற்கான பிரிவையும் சேர்த்தே குற்றப்பத்திரிகை தாக்கலானது. 'நோய்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் அந்த மூன்று குடும்பங்களின் கேள்வி கேட்கப்படாமலே போயிருக்கும்.

இந்தச் சொல்லால் இன்னொரு தீங்கும் உண்டு. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் கெடுதல் செய்யாதவர்கள். ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டையும் அவர்கள் கணக்கில் எழுதினால், சிகிச்சை தேவைப்படுபவர் வாய் திறக்கவே அஞ்சுவார். ஆயுதம் ஏந்திப் பணிபுரியும் ஒருவர் 'எனக்குத் தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை' என்று மேலதிகாரியிடம் சொல்லத் தயங்குவதற்கு அந்த முத்திரையின் பயமும் ஒரு காரணம்.

முன்பே தெரிந்தவர்கள்

அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை அந்நாட்டு ரகசியச் சேவைத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து ஆராய்ந்தன. 'இப்படிப்பட்டவன்தான் சுடுவான்' என்று சொல்லத்தக்க ஒரே சாயல் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஐந்தில் நான்கு சம்பவங்களில், தாக்கியவரின் எண்ணம் குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆளின் சாயலை வைத்து ஊகிப்பதைவிட அவர் பேச்சையும் நடத்தையையும் கவனிப்பதுதான் உயிரைக் காக்கும் என்பதே அதன் பாடம்.

இந்தியாவில் இந்தப் பாடத்துக்கு இன்னும் கூர்மை உண்டு. அமெரிக்காவில் 'துப்பாக்கி எப்படிக் கிடைத்தது?' என்பது பெரிய கேள்வி. பார்க் சர்க்கஸிலும் அருங்காட்சியகத்திலும் கல்பாக்கத்திலும் மும்பை ரயிலிலும் அதற்கு விடை தேட வேண்டியதே இல்லை. துப்பாக்கியைக் கொடுத்தது அரசு. எனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தொடர்ந்து எத்தனை மணி நேரம் பணி? கடைசியாக வீட்டுக்குப் போனது எப்போது? விடுப்பு முடிந்து வந்தவரிடம் யாராவது பேசினார்களா? குறை இருந்தால், தண்டனைக்குப் பயப்படாமல் சொல்ல இடம் இருந்ததா? மத்தியப் படையினர் ஆண்டுக்கு 100 நாளாவது குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்ற அறிவிப்பு உள்துறை அமைச்சகத்திலிருந்தே வந்தது. அது எத்தனை பேருக்கு நடைமுறையானது என்று கேட்பது ஊகமல்ல, குடிமக்களின் உரிமை. இவை கொலையை நியாயப்படுத்தும் கேள்விகளும் அல்ல. அதே பணியை அதே சுமையோடு செய்யும் லட்சக்கணக்கானோர் யாரையும் சுடுவதில்லை. இவை அடுத்த சாவைத் தடுக்கும் கேள்விகள்.

2019-ல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் தொழுதவர்கள் கொல்லப்பட்டபோது, சுட்டவரின் பெயரைத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்றார் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன். பார்க் சர்க்கஸில் வண்டியின் பின் இருக்கையில் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண்ணை நினைக்கும்போது அந்த உறுதியின் அர்த்தம் புரிகிறது. சுட்டவரின் மனதில் எந்தக் காரணம் இருந்திருந்தாலும், அதில் அந்தப் பெண்ணுக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஒவ்வொரு நாளும் பணி தொடங்கும்போது ஆயுதக் கிடங்கில் பதிவேடு திறக்கப்படுகிறது. துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, வாங்குபவரின் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. துப்பாக்கியை நீட்டும் கை ஒரு நிமிடம் நின்று, வாங்குபவரின் முகத்தைப் பார்த்து, 'ராத்திரி தூங்கினாயா? வீட்டில் எல்லாரும் நலமா?' என்று கேட்க வேண்டும். 'ஏன்?' என்ற கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கக்கூடிய நேரம் அதுதான்.

*மன உளைச்சலில் இருப்பவர்களும் அவர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.*